கட்டடப் புகைப்பட நூலிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம்? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிரெஞ்சுப் புகைப்படக்காரர் யூஜின் அட்ஜே தன் வாசலில் மாட்டியிருந்த பலகையில் ‘கலைஞர்களுக்கான ஆவணங்கள்’ என்று எழுதியிருந்தார். தன்னை அவர் கலைஞர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1927இல் இறக்கும்வரை, கனமான மரக் கேமராவைத் தூக்கிக்கொண்டு பழைய பாரிஸின் கதவுகள், மாடிப்படிகள், முற்றங்கள், கடை முகப்புகள் என்று ஒன்று விடாமல் எடுத்தார். ஓவியர்களும் மேடை அமைப்பாளர்களும் கட்டடக்கலைஞர்களும் தங்கள் வேலைக்குத் தேவைப்பட்டதை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். கட்டடப் படத்தைப் பார்த்து வேறொன்றை உருவாக்கும் பழக்கம் புகைப்படக் கலைக்கு இணையாகவே வளர்ந்திருக்கிறது.

இன்றைக்கும் பலர் அதற்காகத்தான் கட்டடப் புகைப்பட நூல்களைத் தேடிப் போகிறார்கள். பெரிய அளவு, வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் பிரமாதமான கட்டடங்கள். அரை மணி நேரம் புரட்டிவிட்டு, ‘நன்றாக இருக்கிறது’ என்று மூடிவைத்தால் கையில் எதுவும் மிஞ்சாது. அந்தப் படங்களில் எடுத்துக்கொள்ள வேண்டியது கட்டடத்தின் அழகை அல்ல. எடுத்தவர் எங்கே நின்றார், எப்போது நின்றார், எதை ஃபிரேமுக்கு வெளியே தள்ளினார் என்ற முடிவுகளைத்தான். முடிவுகளை எந்த வேலைக்கும் எடுத்துச் செல்ல முடியும். நீங்கள் புகைப்படம் எடுப்பவராக இருக்க வேண்டியதே இல்லை. படம் வரைபவர், கதை எழுதுபவர், புத்தக அட்டை வடிவமைப்பவர், கேம் உருவாக்குபவர் யாருக்கும் இந்த வழி பொருந்தும்.

முதல் படி: ஒரே ஒரு நூல்

கட்டடப் புகைப்பட நூல்களை மேலோட்டமாக நான்கு வகையாகப் பிரிக்கலாம். ஒரே புகைப்படக் கலைஞரின் தொகுப்பு. ஒரே கட்டடத்தைப் பற்றியது. ஒரு கட்டடக்கலைஞரின் மொத்தப் பணியைச் சொல்வது. நான்காவது, ‘உலகின் தலைசிறந்த கட்டடங்கள்’ என்ற ரகம். புதியவர்கள் பெரும்பாலும் போய் விழுவது இந்த நான்காவதில்தான். தொடங்குவதற்கு அது சரியான இடமல்ல என்பது என் கருத்து. ஒவ்வொரு படமும் வேறு வேறு கை எடுத்தது. கட்டடம் புகழ்பெற்றது என்பதால் உள்ளே வந்தது. ஒரு மனிதர் தொடர்ந்து எப்படிப் பார்த்தார் என்பதை அங்கே பிடிக்கவே முடியாது. முதல் இரண்டு வகைகளில் ஒன்றை எடுங்கள்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி முறையைப் பின்பற்றும் நூலகமென்றால் கட்டடக்கலை 720 வரிசையிலும், புகைப்படத் தொகுப்புகள் 779இலும் இருக்கும். இரண்டையும் பாருங்கள், ஏனென்றால் ஒரே மாதிரியான நூல்கள் இந்த இரண்டு இடங்களிலும் சிதறிக் கிடக்கும். பெரிய அளவு நூல்களுக்குத் தனி அடுக்கு இருந்தால் அதையும் கேளுங்கள். நல்லவை பல அங்கேதான் படுத்திருக்கும்.

கையில் எடுத்ததும் நடுவில் பிரித்து, அடுத்தடுத்து பத்துப் பக்கங்களைப் பாருங்கள். எல்லாப் படத்திலும் கட்டடம் முழுசாக, ஒரே தூரத்தில் தெரிந்தால் அது பட்டியல் நூல். ஒரு பக்கத்தில் முழு முகப்பு, அடுத்ததில் கைப்பிடி மட்டும், அப்புறம் வெறும் சுவரில் விழுந்த நிழல் என்று போனால் அது உங்களுக்கு வேலைக்கு ஆகும். அச்சையும் கவனியுங்கள். இருண்ட மூலைகளுக்குள் ஏதாவது தெரிகிறதா, வெறும் கறுப்பாக இருக்கிறதா? நடு மடிப்பு படத்தின் முக்கியமான இடத்தை விழுங்குகிறதா?

திரையில் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். தனிப் படங்களுக்குப் போதும். ஆனால் நூலில் எது முதலில், எது எதற்குப் பக்கத்தில், எது பெரிது, எது சிறிது என்பதையெல்லாம் ஒருவர் யோசித்து வைத்திருக்கிறார். திரையில் அதெல்லாம் கலைந்துவிடுகிறது.

இரண்டாம் படி: எழுத்தைப் படிக்காமல் ஒரு சுற்று

முன்னுரையை விட்டுவிடுங்கள், படக்குறிப்புகளையும் விட்டுவிடுங்கள். முதல் சுற்றில் கண் மட்டும் போகட்டும். எங்கே கை தானாக நின்றதோ அங்கே ஒரு துண்டுக் காகிதம். ஏன் நின்றது என்று அப்போதே யோசிக்க வேண்டாம்.

இரண்டாவது சுற்றில் வரிசையைப் பாருங்கள். வாசல் எந்தப் பக்கத்தில் வருகிறது? உள்ளே போவதற்கு முன் எத்தனை பக்கம் நம்மை வெளியே நிற்க வைக்கிறார்கள்? இருட்டான படத்துக்குப் பிறகு வெளிச்சமான படம் வருகிறதா? கதை எழுதுபவர்களுக்கு இந்தச் சுற்றுதான் நூலின் மையம். ஓர் இடத்தை வாசகருக்கு எந்த வரிசையில் திறந்து காட்டுவது என்ற கேள்விக்கு இங்கே நேரடியான பதில்கள் கிடைக்கும்.

வரிசையே நூலாக ஆன உதாரணமும் உண்டு. எட் ருஷே 1966இல் வெளியிட்ட நூலில் லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் ஸ்ட்ரிப் சாலையிலுள்ள ஒவ்வொரு கட்டடமும் இருக்கிறது. ஓடும் வண்டியில் கேமராவைப் பொருத்தி எடுத்தவை. மேலே சாலையின் ஒரு பக்கம், கீழே தலைகீழாக மறு பக்கம். மடிப்பு மடிப்பாக விரித்தால் தாள் சுமார் ஏழரை மீட்டர் நீளும். அதில் எந்தக் கட்டடமும் முக்கியமானதில்லை, எதுவும் ஒதுக்கப்படவும் இல்லை. காலி மனைகூட உண்டு. அதைப் பார்த்த கட்டடக்கலைஞர்களான ராபர்ட் வென்ச்சூரியும் டெனிஸ் ஸ்காட் பிரவுனும் தங்கள் மாணவர்களோடு லாஸ் வேகாஸ் சாலையை அதே பாணியில் பதிவு செய்தார்கள். ஓர் ஓவியரின் நூல், நகரத்தை ஆராயும் கருவியாக மாறிவிட்டது. அவர்கள் எடுத்துக்கொண்டது ருஷேயின் படங்களை அல்ல, அவருடைய முறையை.

மூன்றாம் படி: கேமரா எங்கே இருந்தது?

இப்போது துண்டுக் காகிதம் வைத்த படங்களில் மூன்றையோ நான்கையோ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் எழுத வேண்டியவை இவை.

உயரம். கேமரா நின்ற ஆளின் கண் உயரத்தில் இருக்கிறதா, இடுப்பளவிலா, எதிர்க் கட்டடத்தின் மாடியிலா? தொலைவில் ஒன்றாகச் சேர்வதுபோல் போகும் கிடைக்கோடுகளை விரலால் நீட்டிப் பாருங்கள். அவை சந்திக்கும் மட்டத்தில்தான் கேமரா இருந்திருக்கும்.

நேர்கோடுகள். தரையில் நின்று கேமராவை மேலே சாய்த்தால் கட்டடத்தின் செங்குத்துக் கோடுகள் உச்சியில் குவியும். கட்டடம் பின்னால் சாய்வதுபோல் தெரியும். ஆனால் பெரும்பாலான கட்டடப் புகைப்படங்களில் அவை நேராக நிற்கும். காரணம், கேமராவைச் சாய்க்காமல் மட்டமாக வைத்துவிட்டு, லென்ஸை மட்டும் மேலே நகர்த்தும் வசதி பெரிய ஃபார்மட் கேமராக்களிலும் ஷிஃப்ட் லென்ஸ்களிலும் இருக்கிறது. கணினியிலும் இதைத் திருத்தலாம். நேராக நிற்கும் கோடு என்றால் யாரோ ஒருவர் அதற்காக மெனக்கெட்டிருக்கிறார். குவிந்து போகும் கோடு என்றால், தெரிந்தவர் எடுத்த படத்தில் அதுவும் வேண்டுமென்றே செய்ததுதான்.

வெளிச்சம். நிழலின் நீளத்தையும் திசையையும் பார்த்தால் சூரியன் இருந்த இடம் தெரியும். நிழலே இல்லையென்றால் மேகமூட்டம். வானம் கருநீலமாகவும் ஜன்னல்கள் மஞ்சளாகவும் இருந்தால், சூரியன் மறைந்த பிறகு உள்ளே விளக்கும் வெளியே வானமும் ஏறக்குறைய ஒரே பிரகாசத்துக்கு வரும் அந்தச் சில நிமிடங்கள்.

சில படங்கள் இந்தக் கேள்விகளுக்கு எளிதில் பிடி கொடுக்காது. 1960இல் ஜூலியஸ் ஷுல்மன் எடுத்த கண்ணாடி வீட்டுப் படம் அப்படிப்பட்டது. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்கு மேலே, மலைச்சரிவில், பியர் கோனிக் வடிவமைத்த வீடு. கண்ணாடிச் சுவருக்குள் இரண்டு பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். கீழே நகரத்து விளக்குகள் கோடு கோடாக ஓடுகின்றன. பார்த்தால் ஒரு நொடியில் அகப்பட்ட காட்சி என்று தோன்றும். உண்மையில் நகர விளக்குகள் பதிவதற்காக ஷட்டரைச் சுமார் 7 நிமிடம் திறந்து வைத்துவிட்டு, கடைசியில் ஃப்ளாஷ் அடித்து உள்ளே இருந்தவர்களைப் பதிவு செய்தார். நகரம் ஒரு நேரத்தில், மனிதர்கள் வேறொரு நேரத்தில். இரண்டும் ஒரே ஃபிலிமில். இது தெரிந்த பிறகு அதே படத்தை மறுபடி பாருங்கள். ஒரு காட்சியைக் கட்டி எழுப்புவது என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

நான்காம் படி: எது இல்லை?

இதுதான் கடினமான படி, நிறையக் கொடுப்பதும் இதுதான். படத்தில் இருப்பதைப் பட்டியல் போடுவது எளிது. இல்லாததைப் பட்டியல் போடுங்கள். மனிதர்கள், வண்டிகள், மின்கம்பிகள், குப்பைத்தொட்டி, மழைக்கறை, காய்கிற துணி. ஒரு நூல் முழுக்க எது வரவேயில்லையோ அது அந்தக் கலைஞர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு.

ஜெர்மனியைச் சேர்ந்த பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் தம்பதி 1959இலிருந்து சேர்ந்து வேலை செய்தார்கள். அவர்கள் எடுத்தது நீர்க் கோபுரங்கள், ஊது உலைகள், சுரங்கக் கோபுரங்கள் போன்ற தொழிற்சாலைக் கட்டுமானங்கள். எப்போதும் மேகம் மூடிய வானம், சற்று உயரமான இடம், நேர் எதிரான கோணம், கறுப்பு வெள்ளை. ஆள் கிடையாது, அழுத்தமான நிழல் கிடையாது. பிறகு ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து என்று ஒரே வகைக் கட்டுமானங்களைக் கட்டம் கட்டி அடுக்கினார்கள். தனியாகப் பார்த்தால் சலிப்பூட்டக்கூடிய படம்தான். ஒன்பதைச் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொன்றின் தொப்பியும் காலும் இடுப்பும் வேறாகத் தெரியத் தொடங்கும். மற்ற எல்லாவற்றையும் மாறாமல் நிறுத்தியதால் வடிவம் மட்டும் பேசுகிறது. 1990 வெனிஸ் பியன்னாலே கலைக் கண்காட்சியில் இவர்களுக்குக் கிடைத்த விருது சிற்பத்துக்கானது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. ஆனால் நடுவர்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

இதற்கு நேரெதிரான ஆள் இவான் பான். அவர் படங்களில் புத்தம்புதுக் கட்டடத்தின் முன்னால் யாரோ சைக்கிளில் போவார்கள், கூட்டித் துடைப்பார்கள், தூங்குவார்கள். கட்டடத்தைச் சுற்றி என்ன இருக்கிறதோ அதுவும் உள்ளே வரும். பெக்கர்கள் விலக்கியதையெல்லாம் இவர் தேடிப் போகிறார். இவர்களில் யார் சரி என்பது பயனில்லாத கேள்வி. உங்கள் வேலையில் எதை வெளியே நிறுத்தினால் மற்றது தெளிவாகத் தெரியும் என்று கேளுங்கள்.

இங்கே கொஞ்சம் சந்தேகமும் தேவை. அகலமான காட்சியைப் பிடிக்கும் வைட் ஆங்கிள் லென்ஸ் சின்ன அறையை மண்டபமாக்கிவிடும். ஷுல்மன் மொட்டையான தோட்டங்களுக்கு முன்னால் மரக்கிளைகளைப் பிடிக்கச் சொல்லி, அவை ஃபிரேமின் ஓரத்தில் தெரியும்படி எடுத்ததற்குப் பெயர்போனவர். கட்டடம் உண்மையில் எப்படி இருக்கிறது என்பதற்கு இந்த நூல்கள் முழுச் சாட்சி அல்ல. வீடு கட்டப்போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம். நூலில் தரைப்படம் இருந்தால் அறையின் அளவை அதில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பென்சிலும் இரண்டு அட்டைத் துண்டுகளும்

வரையத் தெரியாது என்று இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். தீப்பெட்டி அளவில் ஒரு செவ்வகம் போடுங்கள். அதற்குள் படத்தை மூன்றே நிறங்களாகக் குறுக்குங்கள்: கறுப்பு, சாம்பல், வெள்ளை. ஜன்னல், கதவு என்று பொருள்களை வரையாதீர்கள். இருட்டு எங்கே, வெளிச்சம் எங்கே என்ற திட்டுகளை மட்டும் நிரப்புங்கள். ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம் போதும். நல்ல படம் இந்த அளவுக்குச் சுருங்கிய பிறகும் கலையாமல் நிற்கும். எலன் பினேயின் படங்களை இப்படிச் செய்து பார்க்கலாம். ஃபிலிமில் மட்டுமே எடுப்பவர் அவர். பல படங்களில் கட்டடத்தைவிட அதன் மேல் விழும் நிழலுக்குத்தான் இடம் அதிகம்.

அடுத்தது வெட்டுவது. அட்டையில் ‘ட’ வடிவத்தில் இரண்டு துண்டுகள் வெட்டி, ஒன்றுக்கொன்று எதிராக வைத்தால் விருப்பப்படி பெரிதாகவும் சிறிதாகவும் ஆகும் ஒரு சட்டம் கிடைக்கும். அதைப் படத்தின் மேல் நகர்த்துங்கள். எந்த இடத்தில் வெட்டினால் படம் இறுகுகிறது? எந்த இடத்தில் அது கட்டடமே இல்லாமல் வெறும் கோடுகளாகிறது? லூசியன் ஹெர்வே இதைக் கத்தரிக்கோலால் செய்தவர். 1949இல் பிரான்ஸின் மார்செயில் கட்டடக்கலைஞர் லெ கொர்புசியே கட்டிக்கொண்டிருந்த குடியிருப்பை ஒரே நாளில் 650 படங்கள் எடுத்தார். அவற்றைப் பார்த்த லெ கொர்புசியே அவரைத் தன் புகைப்படக் கலைஞராகவே வைத்துக்கொண்டார்.

வெட்டு எவ்வளவு தூரம் அர்த்தத்தை மாற்றும் என்பதற்கு யாசுஹிரோ இஷிமோட்டோ எடுத்த கட்சுரா மாளிகைப் படங்களைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. கியோட்டோவிலுள்ள 17ஆம் நூற்றாண்டு மாளிகை அது. 1950களில் எடுத்த படங்களைக் கொண்டு 1960இல் வந்த நூலில், கட்டடக்கலைஞர் கென்ஸோ டாங்கே பல படங்களைத் தன் விருப்பப்படி வெட்டினார். வளைந்த கூரைகள் போய்விட்டன. தூண்களும் காகிதக் கதவுகளும் செவ்வகங்களும் மிஞ்சின. பழைய மாளிகை அச்சு அசலாக நவீனக் கட்டடம் போல் ஆகிவிட்டது. 1980களின் தொடக்கத்தில் இஷிமோட்டோ திரும்பவும் போய் அதே இடத்தை வண்ணத்தில் எடுத்தார். கூரைகளும் அலங்காரங்களும் திரும்பி வந்தன. இரண்டு பதிப்புகளும் ஒரே நூலகத்தில் கிடைத்தால் ஒரு மாலையை அவற்றுக்கு ஒதுக்குங்கள்.

ஆறாம் படி: ஒரு விதியை மட்டும் கொண்டுபோங்கள்

நோட்டில் இப்போது நிறையச் சேர்ந்திருக்கும். அதிலிருந்து ஒரே ஒரு விதியைத் தேர்ந்தெடுத்து, ஒரு வரியில் எழுதுங்கள். ‘எல்லாம் ஒரே தூரத்திலிருந்து.’ ‘கூரை தெரியக்கூடாது.’ ‘இரண்டு வெளிச்சங்கள்.’ ‘முழுசாக எதையும் காட்டாதே.’ பிறகு அந்த விதியைக் கட்டடம் அல்லாத ஒன்றில் பயன்படுத்துங்கள். அப்படிச் செய்தால் நகல் எடுக்கும் ஆபத்து தானாகவே குறையும்.

படம் எடுப்பவர் என்றால், பெக்கர்களின் விதியோடு சமையல் பாத்திரங்களையோ செருப்புகளையோ எடுக்கலாம். வரைகலைஞர், தீப்பெட்டி அளவில் போட்ட மூன்று நிறத் திட்டுகளில் ஒன்றைச் சுவரொட்டியின் அடிப்படையாக வைக்கலாம். கட்டடம் மறைந்து, அதன் இருட்டும் வெளிச்சமும் சேர்ந்த சமநிலை மட்டும் தங்கும். எழுதுபவருக்கு ஹிரோஷி சுகிமோட்டோவைச் சொல்வேன். 1997இல் அவர் தொடங்கிய புகைப்பட வரிசையில் உலகப் புகழ்பெற்ற கட்டடங்கள் எல்லாம் மங்கலாக இருக்கும். லென்ஸை, மிகத் தொலைவிலுள்ளதைத் தெளிவாகக் காட்டும் ‘முடிவிலி’ நிலைக்கும் அப்பால் நகர்த்தி, ஃபோகஸ் தப்பவைத்து எடுத்தவை. எல்லா விவரமும் உருகிப் போன பிறகும் எந்தக் கட்டடம் அடையாளம் தெரிகிறது என்பதுதான் சோதனை. உங்கள் கதையில் வரும் வீட்டை, பெயரோ நிறமோ சாமான்களோ சொல்லாமல், ஐந்து வரியில் அடையாளம் தெரியும்படி எழுத முடிகிறதா என்று பாருங்கள்.

விதியை எடுத்துக்கொண்டு மேற்பரப்பை விட்டுவிடுவது எப்படி என்பதற்கு, டுசல்டார்ஃப் கலைக்கழகத்தில் பெர்ன்ட் பெக்கரிடம் படித்தவர்களே சான்று. காண்டிடா ஹோஃபர் ஆசிரியரின் நேர்கோணத்தையும் ஆளில்லாத வெறுமையையும் வைத்துக்கொண்டு, நூலகங்களுக்கும் அரங்கங்களுக்கும் உள்ளே போய் வண்ணத்தில் எடுத்தார். ஆந்திரியாஸ் கர்ஸ்கி கட்டங்களின் அடுக்கை ஒரே பிரம்மாண்டப் படத்துக்குள் கொண்டுவந்தார். இருவரும் நீர்க் கோபுரத்தைத் தொடவில்லை.

நூலிலுள்ள படத்தைப் பார்த்துப் பயிற்சிக்கு வரைவது உங்கள் நோட்டோடு இருக்கும்வரை சிக்கலில்லை. அப்படியே வரைந்து வெளியிடவோ விற்கவோ போனால் காப்புரிமை குறுக்கே வரும். சில நாடுகளில் கட்டட வடிவத்துக்கே தனி உரிமை உண்டு.

அடுத்த நூல்

முதல் நூலிலிருந்து எடுத்த விதியை வைத்து எதையாவது செய்து முடித்த பிறகுதான் இரண்டாவதுக்குப் போங்கள். முதல் நூலின் முன்னுரையையும் படக்குறிப்புகளையும் இப்போதுதான் படிக்க வேண்டும். நீங்கள் ஊகித்த நேரமும் இடமும் சரிதானா என்று அங்கே பல சமயம் தெரியவரும். தவறாக ஊகித்த படங்களுக்கு நோட்டில் குறி போட்டு வையுங்கள்.

இரண்டாவது நூலை முதலாவதற்கு எதிராகத் தேடுங்கள். ஆளில்லாத படங்களோடு தொடங்கியிருந்தால் கூட்டம் உள்ள நூல்; கறுப்பு வெள்ளை என்றால் வண்ணம்; ஒரே கட்டடம் என்றால் ஒரு முழுத் தெரு. அதை முடித்ததும் முதல் நூலில் துண்டுக் காகிதம் வைத்த பக்கங்களைத் திரும்பப் பார்த்து, இப்போது கை நிற்காத இடங்களிலிருந்து காகிதத்தை எடுத்துவிடுங்கள். நூலகத்து நூல் என்றால், திருப்பிக் கொடுக்கும் முன் மிச்சமுள்ள எல்லாக் காகிதங்களையும் எடுக்க மறக்காதீர்கள். அந்தப் பக்க எண்களை நோட்டில் குறித்துக்கொண்டால் போதும்.